நபர் பதினான்கின் ஆட்சேபம்

என் தங்கை அன்னுக்கா எங்கள் ஊரைப் பற்றி முந்நூறு பக்கத்தில் ஓர் ஆய்வேடு எழுதினாள். அதில் ஊரின் பெயர் எங்குமே கிடையாது. ‘ஏரிக்கரை நகரம்’ என்று மட்டும்தான் போட்டிருந்தாள். பின்லாந்தில் சாவோ பகுதி, மூன்று பக்கமும் ஏரி, லட்சத்துச் சொச்சம் ஜனம், ஒரு பல்கலைக்கழகம், குன்றின் மேல் கோபுரம், சந்தைத் திடலில் மீனை உள்ளே வைத்துச் சுட்ட கறுப்பு ரொட்டி. இத்தனையும் எழுதிவிட்டுப் பெயரை மட்டும் மறைத்தால் யாருக்கும் தெரியாதாம். படித்தவர்களின் சாமர்த்தியம் அது. அவள் மறைத்ததை நான் ஏன் உடைக்க வேண்டும்? நானும் பெயரைச் சொல்லாமலே போகிறேன்.

நான் ஹில்பா. துறைமுகத்திலிருந்து மேலேறும் தெருவில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறேன். எங்கள் ஊர்க்காரர்கள் பேருந்தில் அடுத்தவர் பக்கத்தில் உட்காரக் கூச்சப்பட்டு, இடம் இருந்தும் நின்றுகொண்டே வருகிற ரகம். ஆனால் கழுத்தில் துணியைக் கட்டிக் கண்ணாடி முன்னால் உட்கார வைத்துவிட்டால் கொட்டித் தீர்த்துவிடுவார்கள். நான் முதுகுப் பக்கம் நிற்பது அவர்களுக்கு வசதி. யாரிடமும் சொல்லாத மாதிரியும் ஆயிற்று, சொன்ன மாதிரியும் ஆயிற்று.

அன்னுக்காவின் ஆய்வு தனியாக வாழும் கிழவர்களைப் பற்றியது. ஏரிக்கரை அடுக்குமாடிகளில் அப்படிப்பட்டவர்களைத் தேடிப் பிடித்தாள். யார் வருகிறார்கள், யாரோடு பேசுகிறார்கள், ஒரு வாரத்தில் எத்தனை வார்த்தை பேசுகிறார்கள் என்றெல்லாம் கேட்டுப் பதிவுசெய்தாள். ஆளுக்கு ஓர் எண் கொடுத்தாள். பதினான்காம் நபருக்கு மட்டும் ஓர் அத்தியாயமே ஒதுக்கினாள். அந்தப் பதினான்கு யார் என்று எனக்கு முதல் வருடமே தெரியும். ஆர்னே ஹக்கரைனென். அவருக்கு முடிவெட்டுவது நான்தான்.

ஆர்னே அந்தக் காலத்தில் இழுவைப் படகில் வேலை பார்த்தவர். வெட்டிய மரங்களைத் தெப்பம் தெப்பமாகக் கட்டி ஏரி வழியே ஆலைக்கு இழுத்துப் போகும் படகு. கோடை முழுக்கத் தண்ணீரிலேயே இருப்பார். மனைவி செத்து வெகுகாலம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. மூன்றாவது மாடியில் ஏரியைப் பார்த்த வீடு. அங்கேதான் என் தங்கை மூன்று வருடம் வியாழக்கிழமைதோறும் போய் உட்கார்ந்தாள்.

வியாழக்கிழமை என்றால் இந்த நாட்டில் பள்ளிக்கூடமானாலும் பட்டாளமானாலும் பட்டாணி சூப்பும் பான்கேக்கும்தான். அதுவரை ஆர்னே டப்பா சூப்பைச் சுடவைத்துக் குடித்துக்கொண்டிருந்தவர். அன்னுக்கா வரத் தொடங்கியதும் புதன்கிழமையே பட்டாணியை ஊறப்போட்டார். கசாப்புக் கடைக்குப் போய்ப் பன்றித் தொடை எலும்பு வாங்கினார். பான்கேக்குக்கு ஸ்ட்ராபெரி ஜாம் காய்ச்சினார். இதெல்லாம் அவரே என் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னது. அந்த மூன்று வருடத்தில் என் தங்கையின் இடுப்பு இரண்டு சுற்றுப் பெருத்தது. அவளும் சும்மா குடித்துவிட்டு வரவில்லை, எலும்பைச் சூப்பிவிட்டுத்தான் வந்திருக்கிறாள்.

ஆய்வேட்டை அவையில் நிறுத்தி வாதாடும் நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அதற்கு இரண்டு நாள் முன்னால் ஆர்னே கடைக்கு வந்தார். காலால் உந்தி ஓட்டும் உதைவண்டியை வெளியே நிறுத்திப் பூட்டினார், தொப்பியைக் கழற்றினார், உட்கார்ந்தார்.

“ஹில்பா, கழுத்துக்கிட்ட நல்லா எடுத்துவிடும்மா. வெள்ளிக்கிழமை விருந்து இருக்கு.”

“எந்த விருந்து பெரியவரே?”

“உன் தங்கச்சி டாக்டராகுறாளே, அந்த விருந்துதான். ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அழைப்பு தபால்ல வருமா, இல்ல போன்லயே சொல்லிடுவாங்களா?”

என் கத்தரிக்கோல் நின்றுவிட்டது. கரோங்க்கா என்று எங்களிடம் சொல்கிற அந்த ராத்திரி விருந்துக்கு யார் யார் வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். உணவகத்தில் மேசை பார்த்து வந்ததே நான்தான். ஆர்னே பெயர் அதில் இல்லை.

“தபால் இப்பல்லாம் மெதுவாத்தானே வருது” என்றேன். சாவோக்காரர்களுக்கு நேராக இல்லை என்று சொல்ல வராது. ஆமாம் என்றுகூட நேராகச் சொல்ல மாட்டோம்.

“அதான் நானும் நெனச்சேன்” என்றார். “கோட்ட வெளுக்கக் குடுத்திருக்கேன். மூணு வருஷம் எம் மேசையில சாப்பிட்டா. ஒருவாட்டி அவ மேசையில நான் போய் உக்காந்தா, அதுதானே முறை? எனக்கு வேற ஒண்ணும் வேணாம். ஒருவாட்டி உக்காந்துட்டு வந்துடுவேன்.”

“புத்தகத்தப் படிச்சீங்களா?”

“நூலகத்துல எடுத்தேன். எம் பங்க மட்டும் படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருக்கா. ஒரே ஒரு எடத்துல தப்பு இருக்கு.”

“என்ன தப்பு?”

“சின்னதுதான். விருந்துல காப்பி குடிக்கிறப்ப அவகிட்ட மெதுவா சொல்லிக்கிறேன்.”

எனக்கு என் தங்கை மேல் கோபம். அந்தக் கோபத்தில் வாய் சும்மா இருக்கவில்லை. “அத ஏன் மெதுவா சொல்றீங்க? சபையிலயே எந்திரிச்சு சொல்லுங்க. எல்லாம் முடிஞ்சதும் ‘யாருக்காவது ஆட்சேபம் உண்டா’ன்னு கேப்பாங்க. எந்திரிச்சு ஆட்சேபம் சொன்ன ஆள அன்னைக்கு விருந்துக்குக் கூப்பிட்டே ஆகணும். பழைய முறை அது.”

சொல்லிவிட்டுச் சிரித்தேன். கண்ணாடிக்குள் ஆர்னே சிரிக்கவில்லை.

“யாரு வேணா எந்திரிக்கலாமா?”

“பேப்பர்லயே போட்டிருக்கான், பொதுமக்கள் எல்லாரும் வரலாம்னு.”

அவர் கண்ணாடியில் தன் காதைத் திருப்பிப் பார்த்தார். காது மயிரையும் வெட்டிவிடச் சொன்னார், எழுந்து போனார்.

அன்று கடையை மூடியதும் நேராக அன்னுக்கா வீட்டுக்குப் போனேன். அவள் கறுப்பு உடையைத் தொங்கவிட்டு அதிலிருந்த பூனை மயிரைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அடியே, அந்த ஆர்னேயையும் விருந்துக்குக் கூப்பிடேன். ஒரு நாற்காலி கூடப் போட்டா என்ன கொறஞ்சிடும்?”

“அக்கா, அவர் ஆய்வுல பங்கெடுத்தவரு. விருந்துக்கு வந்தா அவர்தான் பதினாலுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும். அடையாளத்த வெளிய விடமாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்.”

“ஊருக்கே தெரியுமேடி.”

“ஊருக்குத் தெரியிறது வேற. நானே காட்டிக் குடுக்கிறது வேற.”

“சரி, அவரு போன் பண்ணினா ஏன் எடுக்க மாட்டேங்கிற?”

அவள் பூனை மயிரை விரலில் சுருட்டினாள். “ஆய்வு முடிஞ்சிடுச்சுக்கா. ஒருவாட்டி எடுத்தா அடுத்த வாரமும் எடுக்கணும். பேச்சக் கொஞ்சம் கொஞ்சமாக் கொறச்சிக்கிட்டு வெளிய வந்துடணும். ‘களத்தை விட்டு வெளியேறுதல்’னு அதுக்கு ஒரு அத்தியாயமே எழுதியிருக்கேன்.”

“அத்தியாயமா? அந்த மனுஷன் விருந்துன்னு கோட்ட வெளுக்கப் போட்டிருக்காரு.”

“அதான் பயமா இருக்கு” என்றாள். “வந்தா எல்லார் முன்னாலயும் அழுதுடுவாரு. என்னால அத சமாளிக்க முடியாது.”

இவள் கெட்டவள் இல்லை, அதுதான் எரிச்சல். நாலு நாள் தூங்காத கண்கள். நாற்பது வயதைத் தாண்டி, உதவித்தொகைக்கு வருடா வருடம் விண்ணப்பம் போட்டுப் போட்டு இந்த வெள்ளிக்கிழமைக்கு வந்து சேர்ந்தவள். நான் அவளைத் திட்டாமல் கிளம்பினேன். ஆர்னேயிடம் நான் சொன்ன வேடிக்கையை அவளிடம் சொல்லவில்லை. அதை நான் வேடிக்கையாகத்தான் நினைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் அரங்கம் பாதி நிறைந்திருந்தது. மூன்று பேர் வரிசையாக உள்ளே வந்தார்கள், நாங்கள் எழுந்து நின்றோம். முதலில் அன்னுக்கா, சிரிக்கக் கூடாது என்பது விதி போல முகத்தை வைத்துக்கொண்டு. அடுத்து அவைத்தலைவர், பேராசிரியர் லெஸ்கினென். இவர் சடங்கு என்றால் உயிரை விடுகிற ஆள், வால் வைத்த கோட்டுக்குள் விறைத்துக்கொண்டு வந்தார். கடைசியில் எதிர்வாதி. ஆய்வேட்டைக் கிழிப்பதற்கென்றே துர்க்கு நகரத்திலிருந்து வரவழைக்கப்பட்ட பேராசிரியை உல்ரீக்கா. உயரமான கறுப்புத் தொப்பியை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

இரண்டு மணி நேரம் கேள்வி. உல்ரீக்கா மென்மையாகக் கேட்டார், ஆனால் விடவில்லை. “பங்கேற்பாளர்களிடம் நீங்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்” என்றார். அன்னுக்கா, நெருக்கம் ஒரு கருவி, அதைக் கையாளத் தனக்குத் தெரியும் என்றாள். உல்ரீக்கா தலையசைத்தார், ஆனால் குறித்தும் கொண்டார். 

ஒருவழியாக உல்ரீக்கா எழுந்து, ஏட்டை ஏற்கலாம் என்று பரிந்துரைப்பதாகச் சொன்னார். அன்னுக்கா நன்றி சொன்னாள். பிறகு அரங்கத்தைப் பார்த்துத் திரும்பி, வழக்கமான அந்த வாசகத்தைச் சொன்னாள். “என் ஆய்வேட்டின் மீது ஆட்சேபம் உள்ள மதிப்பிற்குரிய அவையினர் யாரேனும் இருந்தால் அவைத்தலைவரிடம் அனுமதி கேட்டுப் பேசலாம்.”

இது கேட்பதற்காகக் கேட்கிற கேள்வி. எந்த அரங்கத்திலும் யாரும் எழுந்ததாக எனக்குத் தெரிந்து இல்லை. ஒரு மூச்சு விடுகிற நேரம் சும்மா இருப்போம், மனசெல்லாம் வெளியே வைத்திருக்கும் காப்பியிலும் கேக்கிலும் இருக்கும்.

பின் வரிசையில் ஒரு நாற்காலி மடங்கும் சத்தம் கேட்டது. ஆர்னே எழுந்து நின்றார். வெளுத்து வந்த கோட்டு தோளில் தொங்கியது, உடம்பு இளைத்திருக்கிறது. நான் வெட்டிவிட்ட முடி மட்டும் கச்சிதமாக இருந்தது.

“பேசலாங்களா?” என்றார்.

லெஸ்கினென் கண்ணாடியைச் சரிசெய்தார். அவருக்கு உள்ளூரச் சந்தோஷம் என்றுதான் நினைக்கிறேன், இத்தனை வருடத்தில் இப்போதுதான் அந்த விதியைப் பயன்படுத்தக் கிடைத்திருக்கிறது. “கூடுதல் எதிர்வாதிக்கு அனுமதி அளிக்கிறேன். தங்கள் பெயர்?”

“ஆர்னே ஹக்கரைனென். புத்தகத்துல பதினாலாம் நபர்.”

அரங்கத்தில் ஒரு சலசலப்பு. அன்னுக்காவின் கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது.

“பதினாலாம் நபர் வீட்டுக்கு அந்த மூணு வருஷத்துல யாருமே வரலன்னு எழுதியிருக்கீங்க. அந்த ஒரு எடத்துலதான் தப்பு. ஆள் வந்தாங்க. வியாழக்கிழமைதோறும் வந்தாங்க. நீங்கதான் வந்தீங்க.”

வீட்டில் அவளை நீ, வா, போ என்றுதான் பேசுவார். இங்கே நீங்க போட்டார். சபைக்கு மரியாதை.

அன்னுக்கா லெஸ்கினெனைப் பார்த்தாள். அவர் பதில் சொல்லும்படி கையைக் காட்டினார். ஆட்சேபம் என்று வந்தால் பதில் சொல்லியே ஆகவேண்டும். உல்ரீக்கா நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து பேனாவை எடுத்தார்.

“மதிப்பிற்குரிய கூடுதல் எதிர்வாதியின் கருத்துக்கு நன்றி” என்றாள் என் தங்கை. குரல் ஆடவில்லை. “ஆய்வு நெறிமுறைப்படி, இந்த ஆய்வில் பங்கெடுத்தவர்கள் யார் என்பதை நான் வெளியிட முடியாது. ஆகவே எதிரில் நிற்கும் இந்தப் பெரியவரை எனக்குத் தெரியும் என்றோ தெரியாது என்றோ நான் சொல்ல இயலாது.”

ஆர்னே தலையாட்டினார்.

“சரி, என்னைத் தெரியாதுன்னே இருக்கட்டும். நான் யாரோ. அந்தப் பதினாலு, அவன் வீட்ட எடுத்துக்குவோம். அங்க வியாழக்கிழமை ஒரு பொண்ணு வந்தா. செருப்பக் கழட்டி வெச்சா, உக்காந்தா, சாப்பிட்டா. அப்ப ‘யாருமே வரல’ங்கிறது சரியில்லதானே?”

“வருகை என்பதற்கு நான் இரண்டாம் அத்தியாயத்தில் வரையறை கொடுத்திருக்கிறேன். ஒருவர் தன் சொந்த விருப்பத்தில், அந்த நபருக்காகவே வருவதுதான் வருகை. ஆய்வாளர் போவது தரவு திரட்டுவதற்காக. அது வருகையில் சேராது.”

“சூப்பு குடிச்சது யாரு அப்ப?”

அரங்கம் சிரித்தது. நன்றாகவே சிரித்தது, சாவோக்காரர்களுக்கு இந்த மாதிரிப் பேச்சு பிடிக்கும். ஆர்னே சிரிப்பு வந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். அவர் நகைச்சுவைக்காகக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

அன்னுக்கா சிரிப்பு அடங்கக் காத்திருந்தாள். “அதுவும் தரவு திரட்டலின் ஒரு பகுதிதான்” என்றாள்.

“ஓ” என்றார் ஆர்னே. “சரிங்க. புரிஞ்சுது. நன்றி.” நாற்காலியை விரித்து உட்கார்ந்துகொண்டார். லெஸ்கினென் அவை நிறைவுற்றது என்று அறிவித்தார், நாங்கள் மறுபடி எழுந்து நின்றோம்.

வெளியே காப்பி மேசைப் பக்கம் அன்னுக்கா என் முழங்கையைப் பிடித்து ஜன்னலோரம் இழுத்துப் போனாள்.

“யாரு அவருக்கு இந்த வழியச் சொல்லிக் குடுத்தது?”

“நான்தான்.”

“ஏன்க்கா? நான் என்ன பாவம் பண்ணேன் உனக்கு?”

“எனக்குப் பண்ணலடி. தெரியும்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா உல்ரீக்கா அங்கேயே என்ன முடிச்சிருப்பா. நெருக்கம்னு அவ வலை விரிச்சிட்டு உக்காந்திருந்தா. இவரு நேரா வந்து அதுல என்னத் தள்ளிவிட்டாரு.” கண் கலங்கியது, உடனே விரல் நுனியால் ஒற்றிக்கொண்டாள், மை கலையாமல். “அவரு குடுத்த சூப்பு எனக்குப் பிடிக்காதுன்னு நெனைக்கிறியா? நான் என்ன மரமா?”

“இத அங்க நின்னு சொல்லேன்.”

அவள் பதில் சொல்வதற்குள், எங்களுக்குப் பின்னால் லெஸ்கினென் ஆர்னேயின் கையைக் குலுக்கிக்கொண்டிருந்தார். “கூடுதல் எதிர்வாதிக்கு இன்று மாலை விருந்தில் இடம் உண்டு. விதி விதிதான்.” ஆர்னே தலையைக் குனிந்து நன்றி சொன்னார். பிறகு நிமிர்ந்து, கூட்டத்துக்கு மேலாக என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் அப்படியொரு வெளிச்சம். நான்தான் காப்பி மேசைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

துறைமுகத்து உணவகத்தில் நீள மேசையின் கடைசியில், கோட்டு மாட்டும் கம்பத்துக்குப் பக்கத்தில், ஒரு நாற்காலி கூடப் போட்டார்கள். நான் என் இடத்தை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வெண்ணெயில் பொரித்த சின்ன மீன் வந்தது, வாட்டிய இறைச்சி வந்தது, கிளவுட்பெரிப் பழம் போட்ட கேக் வந்தது. ஆர்னே எதையும் மிச்சம் வைக்கவில்லை. மீனில் உப்பு ஒரு பொட்டு அதிகம் என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

கரோங்க்காவில் பேச்சுக்கு வரிசை உண்டு. புது டாக்டர் எழுந்து ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி நன்றி கூற வேண்டும். அப்படிச் சொல்லப்பட்டவர்கள் அதே வரிசையில் எழுந்து பதில் பேச வேண்டும். நன்றி வரிசையில் வராதவர் வாய் திறக்கக் கூடாது. பதிலுக்குப் பதில் என்பதும் கிடையாது.

அன்னுக்கா உல்ரீக்காவுக்கு நன்றி சொன்னாள், லெஸ்கினெனுக்குச் சொன்னாள். எதிர்வாதிகள் வரிசையில் ஆர்னேயையும் விட முடியாதே. “கூடுதல் எதிர்வாதியின் நுணுக்கமான கவனிப்புக்கு நன்றி” என்றாள். ஒரே வரி. பெயரைச் சொல்லவில்லை. பிறகு உதவித்தொகை கொடுத்தவர்கள், நண்பர்கள், நான், கடைசியில் பூனை. பூனைக்கு இரண்டு வரி கிடைத்தது.

பதில்கள் தொடங்கின. உல்ரீக்கா எழுந்து கோப்பையைத் தூக்கினார். “மதியம் எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. இவர் பங்கேற்பாளர்களிடம் தூரம் காக்கத் தெரிந்தவரா என்று. பங்கேற்பாளரே எழுந்து வந்து கேட்டும் இவர் அசையவில்லை. இதைவிடச் சிறந்த தற்காப்பை நான் பார்த்ததில்லை.” எல்லாரும் கைதட்டினார்கள். ஆர்னேயும் கைதட்டினார். நான் கரண்டியை மேசையில் போட்ட சத்தத்தில் பக்கத்து ஆள் திரும்பிப் பார்த்தான், பார்க்கட்டும் என்று விட்டேன்.

ஆர்னேயின் முறை வந்தது. எழுந்து நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“எனக்குப் பேச்செல்லாம் வராது. தண்ணியிலயே கெடந்தவன். சாப்பாடு நல்லா இருந்துச்சு, மரியாதையா உக்கார வெச்சீங்க. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு உக்காந்துடுறேன்.” அன்னுக்காவை நேராகப் பார்த்தார். “இன்னைக்கு நான் உங்க மேசைக்கு வந்திருக்கேனே. இது வருகையில சேருங்களா?”

மேசை முழுக்கச் சிரிப்பு. மதியம் சொன்ன வேடிக்கைக்கு இது இரண்டாம் பாகம் என்று நினைத்துக்கொண்டார்கள். “ஆகா, சாவோக்காரர்!” என்று யாரோ துர்க்குப் பேச்சில் கத்தினார்கள். கோப்பைகள் எழுந்தன. அன்னுக்காவும் கோப்பையைத் தூக்கினாள். விதிப்படி அவள் பதில் சொல்லக் கூடாது. அவள் விதியை மீறவில்லை. மெழுகுவத்தியைப் பார்த்துக்கொண்டே குடித்தாள். ஆர்னே கொஞ்சம் காத்திருந்து பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

காப்பி வந்தபோது உல்ரீக்கா தன் கோப்பையை எடுத்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார். முகம் பளபளவென்று இருந்தது.

“ஐயா, நீங்க ஒரு அபூர்வமான ஆளு. நான் புதுசா ஒரு ஆய்வு தொடங்குறேன். ஆய்வு முடிஞ்சு போன பிறகு அதுல பங்கெடுத்தவங்களுக்கு என்ன ஆகுதுன்னு. இந்த ஊர்லயே எனக்கு ஒரு இளம் ஆய்வாளர் இருக்காங்க. அவங்கள உங்க வீட்டுக்கு அனுப்பட்டுமா?”

நான் மேசைக்கு அடியில் ஆர்னேயின் காலை உதைத்தேன். அவர் காலை நகர்த்திக்கொண்டார்.

“எவ்வளவு நாளைக்கு வருவாங்க?” என்று கேட்டார்.

“ஒரு வருஷம், ரெண்டு வருஷம். நிதியைப் பொறுத்து.”

“பட்டாணி சூப்பு சாப்பிடுவாங்களா?”

உல்ரீக்கா சிரித்தார். “யார்தான் சாப்பிட மாட்டாங்க?”

“அப்ப வியாழக்கிழமை வரச் சொல்லுங்க.”

எனக்குப் பொறுக்கவில்லை. உல்ரீக்கா நகர்ந்ததும் அவர் காதருகே குனிந்தேன். “உங்களுக்கு சூடு சொரணை இல்லையா பெரியவரே? இன்னைக்குத்தானே பாத்தீங்க இவங்க லட்சணத்த. பேசறதுக்கு ஆள் வேணும்னா நான் வர்றேன் வியாழக்கிழமை, கடைய மூடிட்டு வர்றேன். எனக்கு நாலு வார்த்த சொல்லுங்க, நான் எழுதிக்க மாட்டேன்.”

“வாயேன்மா” என்றார். “வர முடிஞ்சா வா.” கேக் தட்டில் ஒட்டியிருந்த பழத்தை முள்கரண்டியால் சுரண்டி எடுத்தார். “கோவிச்சுக்காத ஹில்பா. வருகைன்னு எண்ணினா என்ன, எண்ணாட்டி என்ன. மணி அடிச்சதும் கதவத் தொறக்கிறப்ப ஒருத்தர் நிப்பாங்கள்ல.”

அன்னுக்காவுக்கு மிக உயர்ந்த மதிப்பீட்டில் பட்டம் கிடைத்தது. வேலையும் கிடைத்தது, முதியோர் தனிமை பற்றி நகராட்சிக்கு ஆலோசனை சொல்கிற வேலை. நானும் அவளும் பேசிக்கொள்கிறோம். ஆர்னே பெயரை மட்டும் இருவரும் எடுப்பதில்லை.

சொன்ன வார்த்தைக்கு அடுத்த வியாழக்கிழமையே போயிருக்க வேண்டும். கல்யாண சீசன், கடையில் கூட்டம். போகும்போது இலையெல்லாம் உதிர்ந்து, ஏரி மேல் முதல் மெல்லிய பனிக்கட்டி பிடித்துவிட்டது. ஏலக்காய் ரொட்டியை நானே சுட்டு, சூடு ஆறாமல் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டேன். கடைக் கதவில் ‘இன்று விடுமுறை’ என்று எழுதி மாட்டினேன்.

மூன்றாவது மாடியில் படிக்கட்டு வரைக்கும் சூப்பு வாசனை. மணியை அடித்தேன். கதவு ஒரு சாண் அளவுக்குத் திறந்தது. ஆர்னே இஸ்திரி போட்ட சட்டையில் நின்றார். அவர் காலுக்குப் பக்கத்தில், சுவரோரமாக, ஒரு பெண்ணின் குட்டை பூட்ஸ் ஜோடியாக இருந்தது.

“அட, ஹில்பாவா” என்றார் மெல்லிய குரலில். சந்தோஷப்பட்ட மாதிரிதான் இருந்தது. கதவு மட்டும் அதற்கு மேல் திறக்கவில்லை.

“வர்றேன்னு சொன்னேன்ல. ரொட்டி சுட்டுக்கிட்டு வந்தேன்.”

“இன்னைக்கு விருந்தாளி வந்திருக்காங்கம்மா” என்றார். “பேசிக்கிட்டிருக்கோம். நடுவுல விட்டா அந்தப் பொண்ணுக்குப் பதிவு கெட்டுப்போயிடும். இன்னொரு நாள் வாயேன்.”

“நான் ஒரு ஓரமா உக்காந்துக்கறேனே.”

“ரெண்டு பேரு இருந்தா சரிவராதாம்மா. தனியா இருக்கிறவங்களப் பத்தின ஆய்வாச்சே.”

உள்ளேயிருந்து ஓர் இளங்குரல் கேட்டது, இனிமையான குரல்தான். “யாருங்க ஐயா, யாராவது வந்திருக்காங்களா?”

ஆர்னே என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் காலியாக இருந்த படிக்கட்டைப் பார்த்தார். பிறகு தலையை உள்பக்கம் திருப்பினார்.

“இல்லம்மா, யாரும் இல்ல. நீங்க சூப்பு ஆறிடுறதுக்குள்ள சாப்பிடுங்க” என்று சொல்லிக்கொண்டே, சத்தம் வராமல் கதவைச் சாத்தினார்.